ஒருமை, பன்மை, ஒருமைப்பாடு: ஒரு கல்விக் குறும்படமும் அதைப் பற்றிய நினைவேக்கமும்

பிள்ளைப் பருவத்தில் தொலைக்காட்சியில் கண்ட சிறு கல்விப் படங்களை நடுவயதில் நினைந்து நெகிழ்வது இந்தியா முழுவதும் இன்று பரவலாகக் காணப்படும் வழக்கமாகும். இளமையை நினைந்து இரங்குதல் தமிழுக்குப் புதிதன்று. தொடித்தலை விழுத்தண்டினாரின் புறநானூற்றுப் பாடலை (243) அறியாத தமிழாசிரியர் இலர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அம்முதியவர் நினைந்து இரங்குவது தாம் செய்தவற்றை: மணற்பாவைக்குப் பூச்சூட்டியதை, மரக்கிளையிலிருந்து மடுவில் பாய்ந்ததை. இன்று நடுவயதினர் நினைந்து இரங்குவது தாம் பார்த்த ஒன்றை. அதுவும், அரசு நிறுவனம் ஒன்று உருவாக்கி, ஒரே வேளையில் பல ஊர்களுக்கும் அனுப்பிய ஒன்றை. இத்தகைய நினைவேக்கத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா, கொள்ளலாமெனில் அது எதற்குச் சான்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எடுத்துக்காட்டாக ஒரு படத்தை மட்டும் நோக்குவோம். 1974இல் வெளிவந்த ‘ஏக் அநேக் ஔர் ஏக்தா’ ஏறத்தாழ ஏழு நிமிடங்கள் ஓடும் இந்தி அசைவூட்டப் படம். ‘ஒன்று, பல, ஒற்றுமை’ என அதன் பெயரைத் தமிழாக்கலாம். சிறந்த கல்விப் படத்திற்கான தேசிய விருதையும் அது பெற்றது. தூர்தர்ஷன் காலத்துச் சிறுவர் படங்கள் பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும் முதலில் வருவது இதன் பெயரே. அந்த நினைவு படம் பிறந்த காலத்துக்கு உரியதன்று. அது மீண்டும் மீண்டும் காட்டப்பட்ட காலத்துக்கும், பெட்டி இருந்த வீடுகளுக்கும் உரியது. ‘நம் அனைவரின் குழந்தைப் பருவம்’ என்று அது பேசும்போது, யாருக்காகக் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டதோ அவர்கள் அந்த ‘நம்’மில் இடம்பெறுவதில்லை.

படமும் படைத்தோரும்

பிலிம்ஸ் டிவிஷன் எனப்பட்ட நடுவண் அரசின் திரைப்படப் பிரிவு 1948இல் தோன்றியது. அதன் கார்ட்டூன் பிரிவு 1956ஆம் ஆண்டையொட்டி உருப்பெற்றது. டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் வந்து இந்திய ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1957இல் அப்பிரிவு எடுத்த ‘தி பனியன் டீர்’ ஆலமரத்து மான் பற்றிய புத்த சாதகக் கதை. அரசின் அசைவூட்டக் கலை தொடக்கத்திலேயே பழங்கதையைக் கைக்கொண்டது என்பது கருதத்தக்கது. பின்னாளில் இந்திய அசைவூட்டத்தின் முன்னோடியாகப் போற்றப்பட்ட ராம் மோகனும், ‘தி கிளைம்ப்’ (1970) என்னும் படத்தால் அறியப்பட்ட பீம்சேனும் அப்பிரிவில் பணியாற்றியவர்களே. நாம் எடுத்துக்கொண்ட படத்தின் அசைவூட்டக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் பீம்சேன்.

இயக்கியவர் விஜயா முலே (1921-2019). திரைப்படச் சங்க இயக்கத்தை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர்களுள் ஒருவர். தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமத்தைச் சார்ந்த கல்வித் தொழில்நுட்ப மையத்தில் பணியாற்றியவர். இசையமைத்தவர் வசந்த் தேசாய். 1966இல் ஐக்கிய நாடுகள் அவையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய ‘மைத்ரீம் பஜத’ பாடலுக்கு இசையமைத்தவரும் இவரே என்பதைத் தமிழ்நாட்டார் பலரும் அறியார். படத்தில் ஒலிக்கும் சிறுமியின் குரல் சாதனா சர்கத்தினுடையது. 1969இல் பிறந்த அவர், அக்குரல் பதிவானபோது பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டியிருந்தால் வியப்பு. ‘அழகி’ (2002) என்னும் தமிழ்ப் படத்தில் இளையராசா இசையில் பாடியதற்காக அவர் தேசிய விருது பெற்றார். இந்திச் சிறுவர் படத்தின் குரலும் ‘அழகி’யின் குரலும் ஒன்றே என்பதைக் கேட்டவர்களில் எத்தனை பேர் உணர்ந்திருப்பர்?

உழைப்பையும் ஒரு கணக்கால் உணரலாம். திரைப்படச் சுருளில் நொடிக்கு 24 சட்டங்கள். ஏழு நிமிடத்துக்கு 10,080. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திப் படமெடுப்பது அத்தொழிலில் பெருவழக்கு; அவ்வாறு எடுத்திருப்பினும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நிலைகளைக் கையால் அமைத்திருக்க வேண்டும். நினைவேக்கம் இந்தக் கைகளை நினைப்பதில்லை. பாடலை முழுவதுமாகப் பாடிக்காட்டுவோரும் படைத்தோர் பெயரைக் கேட்டால் விழிக்கின்றனர்.

வலையும் பறவைகளும்

படத்தின் அமைப்பு எளிது. ஓர் அக்காவைச் சுற்றிச் சிறுவர் அமர்ந்திருக்கின்றனர். ‘பல’ என்றால் என்ன என்று ஒரு குழந்தை கேட்கிறது. ஞாயிறு, திங்கள், விண்மீன் என்று காட்டத் தொடங்கும் அக்கா, வண்ணத்துப்பூச்சி, அணில், பறவை என ஒவ்வொன்றையும் முதலில் ஒன்றாகவும் பின்னர்ப் பலவாகவும் கண்முன் நிறுத்துகிறாள். அங்கிருந்து கதை பிறக்கிறது. தானியம் பொறுக்க இறங்கிய பறவைகள் வேடனின் வலையில் சிக்குகின்றன. ஒன்றுசேர்ந்து வலையோடு பறக்கின்றன. தொலைவில் ஓர் ஊரருகே வாழும் நண்பர்களாகிய எலிகள் வலையைக் கடித்து விடுவிக்கின்றன. கதை கேட்ட சிறுவர் தாமும் ஒருவர்மேல் ஒருவர் ஏறி மாங்கனி பறிக்கின்றனர். நாட்டு மக்கள் யாவரும் ஒன்று என்னும் பாடலோடு படம் முடிகிறது.

தமிழறிஞர்க்கு இக்கதை பழகியதே. பஞ்சதந்திரத்தில் நட்பைப் பேசும் பகுதி இதனைக் கொண்டுதான் தொடங்குகிறது. சென்னைக் கல்விச் சங்கத்தைச் சார்ந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்து 1826இல் வெளிவந்த பஞ்சதந்திரத்தில் அப்பகுதி ‘சுகிர்லாபம்’ எனப் பெயர் பெறும். கும்பினி அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பிப்பதற்கென அமைந்த கல்லூரியின் சூழலில் அம்மொழிபெயர்ப்பு பிறந்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதே கதை சிறுவர்க்கு எண்ணுப்பெயர் கற்பிக்கப் பயன்பட்டிருக்கிறது. பாடநூலாவது இக்கதைக்குப் புதிதன்று.

ஆனால் பழங்கதைக்கும் படத்துக்கும் இடையே மாறியவற்றை நோக்கின் படத்தின் காலம் புலப்படும். பஞ்சதந்திரத்தில் புறாக்களுக்கு அரசன் உண்டு. சித்திரக்கிரீவன் என்பது அவன் பெயர். ஒன்றுசேர்ந்து பறக்கச் சொல்பவன் அவனே. எலி அவன் தளையை முதலில் அறுக்க முற்படுகையில், தன்னைச் சார்ந்தோரை முதலில் விடுவிக்குமாறு வேண்டுபவனும் அவனே. கதையின் அறம் அரசனின் கடமையில் நிற்கிறது. படத்தில் அரசன் இல்லை, பெயரும் இல்லை. எல்லாம் வெறும் பறவைகள். தனியொரு எலியும் எலிக்கூட்டமாகிவிட்டது. குடியரசுக்கு ஏற்பக் கதை திருத்தப்பட்டிருக்கிறது எனலாம். அதிகாரம் மறைந்துவிட்டதா எனில் இல்லை. கதைக்கு வெளியே, சொல்லும் அக்காவிடம் அது சென்று அமர்ந்திருக்கிறது. ‘பல’ என்பது எது, ‘ஒன்று’ என்பது எது என்று உரைப்பவள் அவள்.

இன்னொரு மாற்றம் இதனினும் இன்றியமையாதது. வலையோடு பறந்த பறவைகளின் கதைக்கு இந்திய மரபில் இருவேறு கிளைகள் உண்டு. ஒன்றில் ஒற்றுமை வெல்கிறது, எலி உதவுகிறது, அது பஞ்சதந்திரக் கிளை. மற்றொன்றில் ஒற்றுமை முறிகிறது. புத்த சாதகத்தில் காடைகள் பலமுறை வலையைத் தூக்கிச் சென்று தப்புகின்றன. ஒருநாள் ஒன்று மற்றொன்றின் தலைமேல் அறியாது மிதிக்கப் பூசல் மூள்கிறது. யார் அதிகம் தூக்கினர் என்ற வாக்குவாதத்தில் வேடன் கையில் அகப்படுகின்றன. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் விதுரன் சொல்லும் இரு பறவைகளும் வானில் பறக்கையிலேயே சண்டையிட்டு வீழ்கின்றன. வேடன் அவற்றை அண்ணாந்து பார்த்தவாறே தரையில் பின்தொடர்ந்து ஓடுகிறான். அவை பிணங்கும் என அவனுக்குத் தெரியும். இவ்விரண்டாம் கிளை ஒற்றுமையைக் கடினமானதாக, நாள்தோறும் உடையக்கூடியதாகக் காண்கிறது. படம் எடுத்துக்கொண்டது முதற்கிளையை. சிறுவர்க்கான ஏழு நிமிடத்தில் பூசலுக்கு இடமில்லை என்று அமைதி கூறலாம். அதுவும் ஓரளவு உண்மையே. எனினும் 1974 என்னும் ஆண்டை மறத்தலாகாது. அது நாடு தழுவிய இரயில்வே வேலைநிறுத்தமும், பீகாரில் செயப்பிரகாச நாராயணன் தலைமையில் எழுந்த கிளர்ச்சியும் நிகழ்ந்த ஆண்டு. அடுத்த ஆண்டு சூன் 25ஆம் நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பூசலே இல்லாத பறவைக் கூட்டம் அக்காலத்து அரசு நிறுவனம் ஒன்றின் திரையில் பறந்தது தற்செயலாக இருக்கலாம், ஆராயாமல் விடத்தக்கதன்று.

ஒருமை என்னும் சொல்

மொழிநிலையிலும் ஒரு குறிப்பு ஈண்டுத் தகும். ‘அநேக்’ என்பது வடமொழி ‘அநேக’. ஒன்று என்பதன் எதிர்மறை. ‘ஒன்றல்லாதது’ என்பதே அதன் சொற்பொருள். ஒன்று, ஒன்றல்லாதது, ஒன்றாதல் என்னும் படத்தின் மூன்று படிகளும் சொல்லாக்கத்திலேயே அமைந்துவிட்டன. பன்மை அங்கே ஒருமையின் குறைபாடாகப் பிறந்து ஒருமையிலேயே மீளவேண்டியதாகிறது. தமிழில் ‘பல’ என்பது தன்வேர் கொண்ட சொல். ஒன்றை மறுத்துப் பிறந்ததன்று. அதேவேளை தமிழில் ‘ஒருமை’ என்னும் ஒரே சொல் இலக்கண எண்ணையும் மன ஒன்றிப்பையும் குறிக்கும். குறளில் அது ஒரு பிறப்பையும் குறிக்கிறது. 1961இல் தேசிய ஒருமைப்பாட்டுக் குழு அமைந்தபின் ‘ஒருமைப்பாடு’ அரசியல் சொல்லாகவும் நிலைபெற்றது. ஆகவே இப்படத்தைத் தமிழாக்க முற்படுவோர் முதற்சொல்லையும் இறுதிச்சொல்லையும் எளிதில் பெறுவர், நடுச்சொல்லில் இடறுவர். இடறுமிடத்தில்தான் இரு மொழிகளும் பன்மையைக் காணும் வேறுபாடு வெளிப்படுகிறது. தமிழ்ச் சிறுவர் ‘அநேக்’ என்பதைக் கேட்டபோது அவர்க்கு நினைவுக்கு வந்திருக்கக்கூடியது பேச்சுத்தமிழின் ‘அநேகமாக’. ‘பெரும்பாலும்’ என்ற பொருளில் வழங்கும் அச்சொல் பாடலுக்குச் சற்றும் பொருந்தாது.

படத்தில் ஓரிடத்தில், வேடனைக் குறிக்க வரும் ‘வியாத்’ என்னும் சொல் புரியாமல் ஒரு சிறுவன் அதன் பொருளைக் கேட்கிறான். இந்திச் சிறுவர்க்கே அச்சொல் கடினம் என்று படைத்தோர் அறிந்திருந்தனர். மற்றச் சொற்கள் யாவும் கேட்போர்க்குத் தெரியும் என்றும் அவர்கள் கொண்டனர் என்பதையும் அக்கேள்வி உணர்த்துகிறது.

2,400 சிற்றூர்கள்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15இல் தில்லியில் தொடங்கியது. 1961இல் தில்லிப் பள்ளிகளுக்கான ஒளிபரப்பு வந்தது. ஆனால் கல்வித் தொலைக்காட்சியின் பெருங்கனவு நகரத்தைப் பற்றியதன்று. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 சூலை 31 வரை நடைபெற்ற சைட் என்னும் செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களைச் சென்றடைந்தது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளிலிருந்து வந்த அலைகளைக் கோழிவலைக் கம்பியால் செய்த மூன்று மீட்டர் அகல வாங்கி ஏற்றது. காலையில் ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவர்க்கு மொழிக்கு 22½ நிமிடம். மொழிகள் இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம். ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் திருப்பி எடுத்துக்கொள்ளப்பட்டது. அச்சிறுவர்க்குத் தொலைக்காட்சி ஓராண்டுப் பழக்கமாக வந்து நின்றுபோயிற்று.

நாம் கேட்கும் நினைவேக்கம் அவர்களுடையதன்று. 1982 ஆகஸ்ட் 15இல் தேசிய நிகழ்ச்சியும் வண்ண ஒளிபரப்பும் தொடங்கின. 1983இல் இன்சாட்-1பி ஏவப்பட்டபின் ஒளிபரப்பிகள் விரைந்து பெருகின. பெட்டி வாங்க இயன்ற நடுத்தர வகுப்பார் வீடுகளில், நிகழ்ச்சிகளுக்கு இடையே மீண்டும் மீண்டும் வந்த 1974ஆம் ஆண்டுப் படத்தைக் கண்டு வளர்ந்த தலைமுறையின் நினைவு இது. படத்தை 1980களின் படைப்பு என்றே அவர்களுட் பலர் சொல்வது இதனாலேயாம். ஆண்டைப் பிழைபடச் சொல்வது சான்றின் குறையன்று, அதுவே சான்று. தாம் கண்ட காலத்தையே அவர்கள் படத்தின் காலமாகக் கொண்டனர்.

நிறம் பற்றிய நினைவும் இவ்வாறே ஆராயத்தக்கது. படம் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. ஆனால் 1982க்குப் பின்னும் பல ஆண்டுகள் பெரும்பாலான வீடுகளில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே. மஞ்சள் பறவையையும் பச்சை மரத்தையும் சிறுவயதில் கண்டதாகக் கூறுவோரிடம், அன்று வீட்டில் இருந்த பெட்டி எது என்று கேட்டல் வேண்டும். அண்மையில் கணினித் திரையில் கண்ட நிறம் பழைய நினைவின்மேல் ஏறியிருத்தல் கூடும்.

எஞ்சியது எது என்பதும் பொருளால் தீர்மானிக்கப்பட்டது. இப்படம் சுருளில் இருந்தது, ஆதலின் நிலைத்தது. நிலையத்தில் பதிவான நிகழ்ச்சிகள் நாடாவில் இருந்தன. நாடா விலைமிக்கது, பதிந்ததை அழித்து அதன்மேலேயே மீண்டும் பதிதல் அக்காலத் தொலைக்காட்சி நிலையங்களின் பொதுவழக்கு. இன்று ‘அக்காலத்துச் சிறந்த படம்’ என்னும் மதிப்பீட்டில் கலைத்திறனுக்கு எவ்வளவு பங்கு, சுருளுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்தறிதல் அரிது. பிலிம்ஸ் டிவிஷனும் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

தமிழ்ச் சிறுவர்

தமிழ்நாடு சைட் திட்டத்தில் இடம்பெறவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல், அத்திட்டம் தொடங்கிய இரு வாரத்தில், நகரத்தாருக்காகத் தொடங்கியது. சிறுவர்க்கெனக் ‘கண்மணிப் பூங்கா’வும் கல்விக்கெனக் ‘காண்போம் கற்போம்’ நிகழ்ச்சியும் தமிழில் இருந்தன. ஆயினும் தமிழ்நாட்டில் அவ்வயதினர் பலர் இந்திப் படத்தின் மெட்டையே முணுமுணுக்கின்றனர். இதில் ஒரு முரண் உண்டு. அதே பிலிம்ஸ் டிவிஷன் எடுத்துத் திரையரங்குகளில் முதன்மைப் படத்துக்கு முன் கட்டாயமாகக் காட்டப்பட்ட செய்திப்படங்களும் ஆவணப்படங்களும் தமிழ் வருணனையோடு வந்தன. மண்வாசனை மிக்க டூரிங் கொட்டகையில் மொழிபெயர்த்துப் பேசிய அரசு, வீட்டுக்கூடத்தில் மொழிபெயர்க்காமல் பேசியது. தேசிய நிகழ்ச்சி இந்தியிலும் ஆங்கிலத்திலுமே நிகழ்ந்தது. 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவராய் நின்றோர் 1980களில் பெற்றோராய் இருந்தனர். பிள்ளை பொருள் அறியாமல் பாடிய இந்திப் பாடலை அவர்கள் எவ்வாறு கேட்டனர் என்பது எழுதப்படாத பக்கம். பலர் புன்னகைத்தே கேட்டிருப்பர் என்பது என் கருத்து. மொழிக்கொள்கையும் மழலையின் பாட்டும் ஒரே வீட்டில் இருக்க இயலும்.

தில்லி, மும்பை, போபால் போன்ற ஊர்களில் வளர்ந்த தமிழ்க் குழந்தைகளின் நிலை வேறு. அவர்க்கு அப்படத்தின் மொழி பள்ளியின் மொழி, தெருவின் மொழி. வீட்டுக்குள் அக்கா, வெளியே தீதி. அவர்களின் நினைவில் இப்படம் வேற்றுமொழிப் பொருளாகவே இராது. ‘தமிழர் நினைவு’ என ஒன்றைப் பொதுப்படச் சொல்ல முனைவோர் இவ்விரு வகையினரையும் தனித்தனியே கேட்டறிதல் நலம். பின்வந்த தலைமுறையின் ஏக்கமோ முற்றிலும் வேறு திசையினது. 2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் அயல்நாட்டுப் பாத்திரங்கள் வட்டாரத் தமிழ் பேசின. அரசின் அறிவுரையைத் தமிழ்ப்படுத்தாத தொலைக்காட்சிக்குப் பின், வணிகத்தின் வேடிக்கையைத் தமிழ்ப்படுத்திய தொலைக்காட்சி வந்தது.

சைட் ஊர்களில் 1975இல் சிறுவராய் இருந்தோர் இன்று ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள். அவர்களின் நினைவுகளை அவரவர் மொழியில் பதிவுசெய்ய இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் உள்ள பல்கலைக்கழகங்களில் பணியாற்றும் தமிழாய்வாளர் தம் துறைக்கு அருகிலேயே இக்களத்தைக் காணலாம். ஒப்பியல் ஆய்வுக்கு இதனினும் பொருத்தமான களம் அரிது. தமிழ்நாட்டிலும் 1980களின் சிறுவரிடம் இதே பணி நிகழவேண்டும். எந்தப் படம் பிடித்தது என்பதைவிட முதலில் கேட்கவேண்டியவை வேறு: பெட்டி யார் வீட்டில் இருந்தது, அந்த வீட்டுக்குள் அமர்ந்து பார்த்தீர்களா, பலகணிக்கு வெளியே நின்று பார்த்தீர்களா, கதவு எப்போது சாத்தப்பட்டது.